மங்கிப்போகும் மாரிச்சாமி

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டுப் பால்கோவா இல்லாமல் திரும்பிய ஒரு மனுஷியை ராஜபாளையம் அதுவரை பார்த்ததில்லை. என் பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் அப்படித் திரும்பினாள். முதல் தடவை, மறந்திருப்பாள் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். இரண்டாவது தடவையும் வெறுங்கையோடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் உச்சந்தலையில் மணி அடித்தது.

நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரார் பேச்சுக்கு நடுவில் காதை வைத்தே பாதி ஆயுளை ஓட்டிய இந்த அன்னாளுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு ஒருத்தி ரகசியம் வைத்திருப்பதென்றால், அவளுடைய துணிச்சலை என்னவென்று சொல்வது!

அது சித்திரை மாதம். அந்த வருஷத்து வெயிலில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. பறந்து போகும்போது கால் தடத்தை அங்கேயே ஒட்டவைத்துவிட்டுப் போனது. அப்பேர்ப்பட்ட வெயிலில் வெள்ளத்தாய் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். சத்திரப்பட்டிப் பக்கமிருந்து வரும் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியை மாடியில் காயப்போட்டு, மடித்து, சுருட்டிக் கொடுப்பது அவள் தொழில். உச்சி வெயிலில் கொடியில் துணி விரிக்கிறவள், இப்போது பொழுது இறங்கிய பிறகுதான் மாடி ஏறினாள். போதாததற்கு, கிட்டப் போனால் வாஸ்லின் களிம்பு வாடை.

என் சந்தேகங்களை வரிசையாக வளர்த்தேன். தோல் வியாதியா? புதிதாக வளையல் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாளா? ஸ்ரீவில்லிபுத்தூரில் யாராவது ஒரு மீசைக்காரர் இருக்கிறாரா? மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மனசுக்குள் அந்த மீசைக்காரருக்கு நல்ல நிறமும் அரசாங்க உத்தியோகமும்கூடக் கொடுத்து வைத்திருந்தேன். காரணம், அவள் புருஷன் மாரிச்சாமி.

மகள் நடை பழகும் முன்னே புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்து வேலைக்கென்று போனவன் மாரிச்சாமி. அந்த மகள் வெங்கடேஸ்வரியை வெள்ளத்தாய் தனியாளாக வளர்த்து, படிக்கவைத்து, ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்து, ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடாக்கி, கடைசிக் கதவுக்கு வார்னிஷ் அடித்த வாரம் திரும்பி வந்தான். வந்தவன் நேராக முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே போய்ப் படுத்தான். எழுந்ததும் அவன் பேசிய முதல் பேச்சு, மாடியை யாருக்காவது ஒத்திக்கு விடலாமே என்பது.

வெள்ளத்தாய் அவனை வெளியே போகச் சொன்னாள். தெருக்கூட்டம் கூடியது. எங்கள் தெரு நாட்டாண்மை பால்ச்சாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். மாரிச்சாமி ஒரு வார்த்தை வாதாடவில்லை. அவள் வலது கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டுக்கு மேலே கன்னங்கரேலென்று பச்சை குத்தியிருந்தது: மாரிச்சாமி.

"பாருங்கய்யா. எம் பேரு இவ கையில இருக்கா இல்லியா? பொறவு எவன் வீடுங்கேன்?"

பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தலையை ஆட்டினார்கள். பேர் இருக்கிறதே, என்ன செய்ய! சேர்ந்து இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். வீட்டுப் பத்திரம் அவள் பேரில் இருக்கிறது. ஆனால் கையில் அவன் பேர் இருக்கும்வரை தெரு அவன் பக்கம்தான். இது நடந்து கொஞ்ச நாளில்தான் முழுக்கை ரவிக்கை வந்தது.

ஆனி மாதத்தில் அவள் மூன்றாம் முறையாகக் கிளம்பியபோது நானும் கிளம்பினேன். கண்புரை அறுவைக்குப் பிறகு கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டி, முக்காடு போட்டு, கிருஷ்ணன்கோவில் போகிற கல்லூரிப் பிள்ளைகளின் பைகளுக்கு இடையில் பதுங்கிக்கொண்டேன். பெற்ற தாய்க்கே என்னை அடையாளம் தெரிந்திருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, அவள் நிழலுக்குள் நிழலாக நடந்து, ஒரு தோல் மருத்துவரின் கிளினிக்குக்குள் நுழைந்து, அவளுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தேன்.

அவள் திரும்பாமலே கேட்டாள்: "என்னக்கா, காதுக்கு வைத்தியம் பாக்க வந்தீகளா?"

"எப்பம்ட்டி பாத்த?"

"பஸ்ஸுலயே. 'அந்தப் பொம்பள எங்க எறங்குதோ அந்த ஊருக்கு ஒண்ணு குடுங்க'ன்னு கண்டக்டர்ட்ட டிக்கெட் கேட்டீகளே, பாதி பஸ் சிரிச்சுச்சே."

கண்ணாடியைக் கழற்றினேன். அவள் ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். மரத்துப்போகிற களிம்பைத் தடவி, மேலே கண்ணாடிக் காகிதம் சுற்றியிருந்தார்கள். அதற்கடியில் மாரிச்சாமி இருந்தான். ஆனால் மையை நீர்விட்டுக் கலக்கினதுபோல் கொஞ்சம் வெளிறியிருந்தான்.

"அழிக்கேன்க்கா. லேசர்ல. அவியளுக்குத் தெரியாது."

புருஷன் பேரை அழிப்பதிலும் அவளுக்கு மரியாதை குறையவில்லை! மீசைக்காரர் போய்விட்ட துக்கம் எனக்கு அரை நிமிஷம்தான் இருந்தது. இது அதைவிட நல்ல ரகசியம்.

உள்ளே கூப்பிடும் பெண் வந்து, விவரம் விட்டுப்போயிருக்கிறது, புருஷன் பேர் என்ன என்றாள். வெள்ளத்தாய் வழக்கப்படி கையை நீட்டினாள். அவள் எந்த ஆபீஸிலும் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையிலிருந்து பள்ளிக்கூடம் வரை கையைத்தான் நீட்டுவாள், அவர்கள் படித்து எழுதிக்கொள்வார்கள். இப்போது களிம்புக்கடியில் வெளிறிக் கிடந்த எழுத்து படிக்கிற மாதிரி இல்லை. அந்தப் பெண் காத்து நின்றாள். வெள்ளத்தாய் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிறகு வாயில் விழுந்த கொசுவைத் துப்புகிறமாதிரி "மாரிச்சாமி" என்றாள். கூரை அப்படியேதான் இருந்தது.

டாக்டர் எலினா சின்ன வயசுக்காரி. லேசரை அடித்து முடித்ததும் எழுத்தெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்து எழுந்தது. பிறகு உட்காரவைத்து, புதிதாகக் கூட வந்த எனக்கும் சேர்த்து மறுபடி சொன்னாள்.

"இந்த மெஷின் மையை உடைக்கத்தாம்மா செய்யும். உடைஞ்சதைக் கொஞ்சம் கொஞ்சமா அள்ளிக்கிட்டுப் போறது உங்க உடம்பு. அதனாலதான் ரெண்டு மாசம் விட்டு விட்டு வரச் சொல்றேன். நீங்க சும்மா இருக்கும்போதுதான் அது அழியும். அந்தச் சும்மா இருக்கிறதுதான் கஷ்டம்."

"என்ன செய்யணும்?" என்றேன் நான், ஏதோ எனக்கே குத்தியிருந்தமாதிரி.

கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது. புண் காய்ந்து பக்கு கட்டினால் பிய்க்கக் கூடாது. தேய்க்கக் கூடாது, சொறியக் கூடாது. வெயில் படவே கூடாது. ஆறின பிறகு வெளியே போனால் வெயில் கிரீம். மஞ்சள், சுண்ணாம்பு, எலுமிச்சை என்று வீட்டு வைத்தியம் எதையும் கிட்டே கொண்டுவரக் கூடாது.

"கொண்டுவந்தா?" என்றேன்.

"புண்ணாகித் தழும்பு விழும். மை போயிரும்மா, ஆனா அதே எழுத்து தழும்பா மேடு கட்டி நிக்கும். அப்புறம் எந்த லேசராலயும் எடுக்க முடியாது."

வெள்ளத்தாயின் முகம் சுண்டிப்போனது. மாரிச்சாமி மேடு கட்டி நிற்பதை அவள் கற்பனை பண்ணிப் பார்த்திருப்பாள். நானும் பார்த்தேன். இருட்டில் தடவினால்கூடப் படிக்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் நிழல் விழும் பக்கத்து இருக்கையில் இருந்த இரண்டு பையன்களை எழுப்பிவிட்டு அவளை உட்காரவைத்தேன். அப்படியும் நம்பிக்கையில்லாமல் பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்தேன். கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தால் கலெக்டரே கேட்டிருக்க மாட்டார்.

அன்று முதல் அந்தக் கையின் காவல் என்னிடம் வந்தது. மாரிச்சாமி கண்ணில் படாமல் இருக்க, களிம்பும் சோப்பும் என் வீட்டில். தினமும் சாயங்காலம் வெள்ளத்தாய் என் அடுக்களைக்கு வருவாள். மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, களிம்பு பூசி, அவள் சுருட்டுகிற கட்டுத்துணியையே தளர்வாகச் சுற்றுவோம். ஒரு கொப்புளம் எழும்பியது பாருங்கள், அதற்குள் ஒரு அயிரை மீனை விட்டால் நிம்மதியாக நீந்தியிருக்கும். பக்கு கட்டிய வாரம் அரிப்பு.

"அக்கா, ஒரே ஒரு தடவ சொறிஞ்சுக்கிடுதேன்க்கா. ஓரத்துல."

"சொறி. மாரிச்சாமி மேடு கட்டிப்போவான், பரவால்லையா?"

"அய்ய, கட்டிப்போடுங்க கைய!"

அரிப்பை மறக்கடிக்க, அந்தக் காலத்தில் டிரங்கால் போட்டுச் சண்டையிட்ட தம்பதிகளின் கதைகளை எடுத்துவிட்டேன். உண்மையில் கேட்டது பாதி, என் கைச்சரக்கு பாதி. பக்கு தானாக உதிர்ந்து விழுந்தது. அடியில் தோல் குழந்தைத் தோலாக இருந்தது, மாரிச்சாமி மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி இருந்தான்.

இதற்குள் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதலில் என்மேல்தான், நான் கிறிஸ்தவள் என்பதால்.

"தெனமும் வேதக்கார வீட்டுக்குப் போறியே, வேதத்துல சேரப் போறியா?" என்று கேட்டானாம்.

"அவிய வீட்டுல மீன் கொழம்பு நல்லாருக்கும்" என்றாளாம் இவள்.

அப்புறம் ஒரு நாள் அவள் பாத்திரம் தேய்க்கும்போது ரவிக்கைக் கை மேலேறிவிட்டது. அவன் பார்த்துவிட்டான். கேட்கவில்லை. மறுநாளும் பார்த்தான். வாரக்கணக்காக ஒளிந்து ஒளிந்து பார்த்தான். என் ஜன்னலுக்கு நேர் எதிரே டீக்கடை. அதற்காகவே இந்த வீட்டை வாங்கினேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, நான் மறுத்ததில்லை. அங்கே அவன் தன் கூட்டாளி வீரணனிடம் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டேன்.

"ஏலே வீரணா, எம் பேரு மங்குதுல."

"என்னல உளறுத?"

"அவ கையில. முந்தி அட்டக்கரி மாதிரி இருந்துச்சு. இப்ப சாம்பலாப் போச்சு. அவ ஒரு எடத்துக்கும் போகக் காணோம், ஒண்ணும் பண்ணக் காணோம். அதுபாட்டுக்குக் கொறையுது."

"தானாவா?"

"தானாத்தான்ல!"

வீரணன் கிளாஸைக் கீழே வைத்தான். "பச்ச குத்துனது கட்டையோட போறதுல்லா? உசுரோட இருக்கையில அழியுதுன்னா, ரெண்டு பேர்ல யாருக்கோ நேரம் வந்துருச்சுன்னு அர்த்தம். அவ எப்படி இருக்கா?"

"முன்னவிட நல்லாருக்கா."

"அப்போ நீதான்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்தினேன். சிரிப்பை அடக்கியதில் அன்று என் விலா எலும்பு ஒன்று இடம் மாறிவிட்டது, இன்னும் திரும்பவில்லை.

செய்வினை என்று முடிவு கட்டிவிட்டான். வெள்ளத்தாய் வைக்கிற சோற்றை உருட்டி முகர்ந்து பார்த்தான். குழம்பை முதலில் பூனைக்கு ஊற்றினான்; பூனை நக்கிவிட்டு உயிரோடு இருந்ததும், அது அவளிடம் பழகின பூனை என்று அதையும் நம்பவில்லை. கடையில் பன்னும் டீயுமாகக் காலம் தள்ளினான். நாலு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிற்று. கன்னம் ஒட்டினதும் பேர் மங்குவதால்தான் மெலிகிறோம் என்று உறுதியாயிற்று. உறுதியானதும் இன்னும் மெலிந்தான். கடைசியில் கைலியை இறுக்கிக் கட்டினால் இரண்டு சுற்றுச் சுற்றி மூன்றாவது சுற்றுக்கும் துணி மிச்சமிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம். வெள்ளத்தாய் என் அடுக்களையில் கையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் களிம்புக் குழாயைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். கதவு படாரென்று திறந்தது. மாரிச்சாமி. கையில் வாழை இலைத் துண்டு. அதில் செக்கச்செவேலென்று ஒரு விழுது. சுண்ணாம்பும் மஞ்சளும் எலுமிச்சையும் என்று வாடையே சொன்னது.

"காட்டு கைய. கூமாப்பட்டி மந்திரவாதிட்டப் போயி வாங்கிட்டு வந்துருக்கேன். இத அப்புனா பேரு அழியாம நின்னுபோகும்னு சொல்லிருக்காரு."

நின்றுபோகும்தான்! சாகும்வரை மேடு கட்டி நின்றுபோகும். இத்தனை மாசக் காவலும் ஒரு கைப்பிடி விழுதில் போய்விடும். கிடைத்த கரண்டியை எடுத்துக்கொண்டு குறுக்கே நின்றேன். மீன் கரண்டிதான், ஆனால் நான் பிடித்த பிடியில் அது வாளாக இருந்திருக்க வேண்டும்.

"நீங்க வெலகுங்க டெலிபோன் அம்மா. இது எங்க குடும்பம்."

வெள்ளத்தாய் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எழுந்தாள். "கேளுங்க. இது செய்வினயும் இல்ல ஒண்ணும் இல்ல. லேசர். ஸ்ரீவில்லிபுத்தூர்ல டாக்டரம்மா லைட் அடிச்சு அழிக்காக. நாந்தான் அழிக்கச் சொன்னேன்."

"லைட் அடிச்சா பேரு அழியுமா? யார்ட்ட காது குத்துத? அப்போ தெருலைட்டுக்குக் கீழ நிக்கவன் எல்லாம் பேரில்லாமலா அலையுதான்?"

"சத்தியமா."

"தெனமும் அழியுதுட்டி! நீ டாக்டர்ட்ட போகாத அன்னைக்கும் அழியுது! நான் கண்ணால பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்!"

அவன் குரல் உடைந்தது. அப்போதுதான் வெள்ளத்தாய் அவனை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஒட்டின கன்னம், குழிந்த கண், தொளதொளத்த சட்டை. அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக மாறியது.

தூக்கியிருந்த கையை இறக்கினாள். அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சரி. அப்புங்க."

"ஏட்டி, கூறுகெட்டவளே!" என்று கத்தினேன்.

"நீங்க சும்மா இருங்கக்கா. அவிய பேரு, அவிய அப்பட்டும். ஆனா ஒண்ணு. இதத் தொட்டா உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. பொறவு என்னயச் சொல்லக் கூடாது."

அவன் விரலில் விழுதை எடுத்தான். விரல் அவள் கையை நோக்கி வந்தது. ஒரு சொட்டு விழுந்தால் போச்சு. அந்த இளந்தோலில் அவன் பேர் சாம்பல் நிறமாக, ஒரு மூச்சில் ஊதிவிடலாம்போல் கிடந்தது. கிட்டத்தில் பார்த்தான். இவ்வளவு மங்கியிருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. விரல் அரை ஜாணில் நின்றது. நான் மூச்சு விடவில்லை. சுவரில் இருந்த பல்லியும் விடவில்லை.

விரல் பின்வாங்கியது. இலையை என் தரையில் போட்டுவிட்டு ஓடினான். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை அவனே தெருக்கூட்டத்தைக் கூட்டினான். பால்ச்சாமி நடுவில் உட்கார்ந்தார். "என்னல மாரிச்சாமி, இப்ப என்ன வேணும் உனக்கு?"

"எம் பேர அழிக்காய்யா. எனக்குச் செய்வினை வச்சிருக்கா."

"என்னம்மா இது?"

"லேசர் வைத்தியம் மாமா. டெலிபோன் அக்காவுக்குத் தெரியும்" என்றாள் வெள்ளத்தாய்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து கொப்புளம், பக்கு, வெயில் கிரீம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். சத்தியமாக அன்று ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் உள்ளதை உள்ளபடி சொன்னது அந்த ஒரு நாள்தான். அன்றைக்குத்தான் ஒருத்தரும் என்னை நம்பவில்லை.

பால்ச்சாமி அவள் கையைப் பார்த்தார். அவன் கன்னத்தைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். "சரிப்பா, உன் முடிவு என்ன?"

"நிப்பாட்டச் சொல்லுங்கய்யா. எனக்கு வீடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் புனலூருக்கே போயிருதேன். இம்புட்டாவது மிச்சம் இருக்கட்டும்."

"எல்லார் முன்னாடியும் சொல்லு. வீட்டுல பாத்தியதை இல்லேன்னு."

"இல்லய்யா. சத்தியமா இல்ல."

வெள்ளத்தாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அவிய பஸ் ஏறுன நிமிஷத்துலருந்து நிப்பாட்டுதேன். திரும்பி வந்தா மறுபடி ஆரம்பிப்பேன்."

அன்று சாயங்காலமே தென்காசி பஸ்ஸில் ஏறினான். வழியனுப்ப வீரணன் மட்டும் போனான். பஸ் கிளம்பும் முன்னே ஜன்னல் வழியாக இரண்டு பன்னை வாங்கி விழுங்கினானாம்.

அடுத்த தேதி வந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றேன்.

"கெளம்பு. இன்னும் ஒண்ணு ரெண்டு தடவ போனா தொடச்சு வச்சமாதிரி ஆயிரும்னு டாக்டரம்மா சொல்லிருக்கு."

"போகலக்கா."

"ஏட்டி, அவனுக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்தப் போறியா? அவன் காப்பாத்துனானா?"

"வாக்கு என்ன வாக்கு!" அவள் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டே சிரித்தாள். "முழுசா அழிச்சிட்டா, அதுக்குப் பொறவும் அவிய நல்லாத்தான் இருப்பாக. அப்போ பயம் போயிரும்லா? பயம் போச்சுன்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க வந்து நிப்பாக. இப்படியே கெடக்கட்டும்க்கா. நாய் வளத்தாலும் சோறு போடணும். இதுக்கு ஒரு செலவும் இல்ல."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அந்தக் கை வெள்ளையாகத் துலங்கப் பார்க்க வேண்டும் என்று காவல் காத்தவள் நான். ஆனால் வீட்டு வாசலில் அவள் உட்கார்ந்திருந்த விதம், மின்விசிறிக்குக் கீழே யாரும் படுத்திராத அந்த முன்னறை, இதையெல்லாம் பார்த்த பிறகு வற்புறுத்த மனசு வரவில்லை. அடுத்த கோடையில் அரைக்கை ரவிக்கைக்குத் திரும்பிவிட்டாள். கிரீம் மட்டும் இன்னும் பூசிக்கொள்கிறாள். அது முகத்துக்கும் நல்லது என்று நான் கிளப்பிவிட்டதில் தெருவே இப்போது வெள்ளைவெளேரென்று அலைகிறது.

மாரிச்சாமி மாசம் ஒரு தரம் புனலூரிலிருந்து வீரணனுக்குப் போன் போடுகிறான். வீரணன் வெள்ளத்தாயின் வாசல் வரைக்கும் வந்து, படியில் கால் வைக்காமல் கேட்பான்: "மதினி, மாரிச்சாமி கேக்கான். இப்ப எப்படி இருக்காம்?"

போன வாரமும் வந்து கேட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். உடைந்த மையை உடம்பு இன்னும் பல மாசத்துக்கு அள்ளிக்கொண்டே இருக்கும் என்று டாக்டர் எலினா என்னிடம் சொல்லியிருந்தாள். அன்று வெளிச்சத்தில் பார்த்தபோது பேரின் ஓரங்கள் இன்னும் கொஞ்சம் கரைந்திருந்ததுபோல்தான் எனக்குப் பட்டது. வெள்ளத்தாய் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, துணி சுருட்டும் வேலையை விடாமல் சொன்னாள்:

"இன்னைக்கு வரைக்கும் இருக்குன்னு சொல்லுங்க. நாளைக்கு என்னன்னு எனக்கே தெரியல."